500 யூசர் டெஸ்ட்டில் பாஸ், லைவில் திணறல்: டேட்டாபேஸ் உள்ள அப்ளிகேஷனை எப்படிச் சோதிப்பது?

கேள்வி சுருக்கமாக இது: ஜாவாவில் எழுதிய ஆர்டர் மேனேஜ்மென்ட் அப்ளிகேஷன், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஜேமீட்டர் என்ற லோடு டெஸ்ட் டூலில் 500 யூசர் வைத்து 10 நிமிடம் ஓட்டினால் சராசரி பதில் நேரம் 40 மில்லிநொடி. லைவில் உச்ச நேரத்திலேயே நொடிக்கு 300 கோரிக்கைகள்தான் வருகின்றன, அதற்கே சில திரைகள் 3, 4 நொடி எடுக்கின்றன. டெஸ்ட்டை நிஜத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர வேறு டூல் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஜேமீட்டரே போதும். டூலை மாற்றினால் இதே தவறான பதில் வேறு கலரில் கிராஃபாக வரும், அவ்வளவுதான்.

முதலில் நீங்கள் கொடுத்த எண்களையே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 த்ரெட் (ஜேமீட்டரில் ஒரு யூசருக்கு ஒரு த்ரெட்), கோரிக்கைகளுக்கு நடுவில் காத்திருப்பு எதுவும் வைத்த மாதிரி தெரியவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் 40 மில்லிநொடி என்றால் ஒரு த்ரெட் நொடிக்கு 25 கோரிக்கை அனுப்பும். 500 த்ரெட்டும் சேர்ந்தால் 12,500. (இது லிட்டில் விதி. ஜான் லிட்டில் 1961-லேயே நிரூபித்துவிட்டார். உள்ளே நிற்பவர்களின் எண்ணிக்கை = வருகை வேகம் × ஒருவர் உள்ளே இருக்கும் நேரம். எந்தப் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினாலும் நான் முதலில் போடும் கணக்கு இதுதான்.) லைவில் வருவதைவிட இது 40 மடங்குக்கும் மேல். 12,500-ஐத் தாங்கும் சிஸ்டம் 300-க்குத் திணறுகிறது என்றால், டெஸ்ட்டில் லோடு பற்றவில்லை என்று சொல்லவே முடியாது. லைவில் ஒரு கோரிக்கை டேட்டாபேஸிடம் வாங்கும் வேலையை, டெஸ்ட்டில் போன கோரிக்கைகள் வாங்கவே இல்லை.

ஜேமீட்டர் ரிப்போர்ட்டில் த்ரூபுட் (நொடிக்கு எத்தனை கோரிக்கை முடிந்தது) என்று ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். 12,500-க்குப் பக்கத்திலேயே இல்லை என்றால் ஜேமீட்டர் ஓடும் மெஷினே மூச்சு முட்டி நின்றிருக்கலாம், அல்லது ஸ்கிரிப்ட்டில் எங்கோ டைமர் இருக்கும். இன்னொன்று, பதிலின் உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் அசர்ஷன் வைத்திருக்கிறீர்களா? செஷன் காலாவதியாகி, எல்லாக் கோரிக்கைக்கும் லாகின் பக்கம் 200 ஸ்டேட்டஸோடு ("எல்லாம் சரி" என்ற குறியோடு) திரும்பி வருவது மிகவும் சகஜம். லாகின் பக்கம் எப்போதுமே வேகமாகத்தான் வரும்.

அது சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சந்தேகம் டேட்டா மேல். என் கணிப்பில் உங்கள் சிக்கலில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

டெஸ்ட் டேட்டாபேஸ் என்றால் பெரும்பாலும் என்ன செய்வோம்? ஒரு லூப் எழுதி, 1000 வாடிக்கையாளர், ஆளுக்கு 20 ஆர்டர் என்று நிரப்பிவிடுவோம். இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. முதலாவது அளவு, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2 ஜிபி டேட்டா முழுக்க மெமரியிலேயே அடங்கிவிடும், டிஸ்க் பக்கம் போகவே வேண்டியதில்லை. லைவில் 300 ஜிபி இருந்து மெமரி 32 ஜிபி என்றால் கதையே வேறு. லைவ் அளவுக்கு டேட்டா வைக்க வசதியில்லை என்றால், குறைந்தபட்சம் டேட்டாவுக்கும் மெமரிக்கும் உள்ள விகிதத்தையாவது காப்பாற்றுங்கள். டேட்டாவைப் பத்தில் ஒரு பங்காக்கினால் டேட்டாபேஸ் மெஷினின் மெமரியையும் அதே அளவுக்குக் குறையுங்கள். போஸ்ட்கிரெஸின் ஷேர்டு பஃபர்ஸை (அதன் சொந்தக் கேச்) மட்டும் குறைத்தால் போதாது, ஆப்பரேட்டிங் சிஸ்டமும் தன் பங்குக்குக் கேச் செய்யும். ஆனாலும் இது அரைகுறைத் தீர்வுதான். டேபிள் சிறியதாக இருந்தால் பிளானரே (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பகுதி) வேறு பிளானைத் தேர்ந்தெடுக்கும், விகிதத்தைக் காப்பாற்றினாலும் அது சரியாகாது.

இரண்டாவது தவறு பரவல். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை, அதனால் கொஞ்சம் நெருக்கமாகவே பார்ப்போம். உங்கள் அப்ளிகேஷனில் "இந்த வாடிக்கையாளரின் கடைசி 20 ஆர்டர்கள்" என்று ஒரு திரை கட்டாயம் இருக்கும். குவெரி எளிமையானதுதான்: வாடிக்கையாளர் எண்ணால் வடிகட்டி, தேதிப்படி இறங்குவரிசையில் அடுக்கி, முதல் 20-ஐ எடு. வாடிக்கையாளர் எண்ணுக்கு ஓர் இன்டெக்ஸ், தேதிக்குத் தனியாக ஓர் இன்டெக்ஸ் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு 20 ஆர்டர் உள்ள டெஸ்ட் டேட்டாவில் போஸ்ட்கிரெஸுக்கு யோசிக்கவே வேலையில்லை. வாடிக்கையாளர் இன்டெக்ஸில் போய் 20 ரோக்களை எடுத்து அடுக்கிக் கொடுத்துவிடும், ஒரு மில்லிநொடிகூட ஆகாது. லைவில் 4 கோடி ஆர்டர்கள். அதில் ஒரே ஒரு மொத்த வியாபாரியின் பெயரில் 8 லட்சம் இருக்கலாம். அவருக்கு வாடிக்கையாளர் இன்டெக்ஸ் வழியாகப் போனால் 8 லட்சம் ரோக்களை டேபிள் முழுக்கச் சிதறிய இடங்களிலிருந்து படித்து, அதில் 20-ஐப் பொறுக்க வேண்டும். எனவே பிளானர் வேறு வழி யோசிக்கும்: தேதி இன்டெக்ஸைப் பின்னாலிருந்து நடந்துகொண்டே போனால், 50 ரோவுக்கு ஒன்று இவருடையதாக இருக்கும், ஆயிரம் ரோக்களைப் பார்ப்பதற்குள் 20 கிடைத்துவிடும். அவர் தினமும் ஆர்டர் போடுபவர் என்றால் இது அருமையான பிளான். ஆனால் ஆர்டர்கள் காலம் முழுக்கச் சீராகப் பரவியிருக்கின்றன என்று எடுத்துக்கொண்டுதான் பிளானர் இந்தக் கணக்கைப் போடுகிறது. அந்த வியாபாரி ஆறு மாதமாக ஆர்டரே போடவில்லை என்றால்? ஆறு மாதத்தில் மற்ற எல்லோரும் போட்ட ஆர்டர்களையும் ஒன்றுவிடாமல் கடந்துதான் அவருடைய முதல் ஆர்டரைத் தொட முடியும். உங்கள் 3, 4 நொடி இப்படி ஓர் இடத்திலிருந்து வந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

இதிலேயே இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஒரே கனெக்‌ஷனில் ஒரு பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டை (மதிப்பை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டும் குவெரி) முதல் ஐந்து முறை ஓட்டும்போது, கொடுத்த மதிப்பைப் பார்த்துத் தனித்தனிப் பிளான் போடும் போஸ்ட்கிரெஸ். அதற்கப்புறம், பொதுப் பிளானின் செலவு பெரிதாக அதிகம் இல்லை என்று அதற்குத் தோன்றினால், மதிப்பைப் பார்க்காமலே ஒரே பிளானை எல்லோருக்கும் வைத்துவிடும். ஜாவா டிரைவர் வேறு, முதல் சில முறை சாதாரணமாக அனுப்பிவிட்டுப் பிறகுதான் சர்வர் பக்கப் பிரிப்பேருக்கே மாறும். அதனால் "கையால் எக்ஸ்பிளைன் (பிளானைக் காட்டும் கட்டளை) போட்டால் வேகமாக வருகிறது, அப்ளிகேஷனில் மெதுவாக இருக்கிறது" என்று யாராவது குழம்பினால் முதலில் இங்கே பாருங்கள். போஸ்ட்கிரெஸ் 12 முதல் பிளான் கேச் மோட் என்ற அமைப்பு இருக்கிறது. அதை மாற்றி இரண்டு வகையிலும் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். (மேலே சொன்ன திரைக்கு நிஜமான மருந்து, வாடிக்கையாளர் எண்ணும் தேதியும் சேர்ந்த ஒரே இன்டெக்ஸ்தான். இது வேறு பேச்சு, ஆனாலும் கேட்பீர்கள் என்று சொல்லிவிட்டேன்.)

ஆகவே டேட்டாவைத் தயாரிக்காதீர்கள், லைவிலிருந்து எடுங்கள். தனிப்பட்ட விவரங்களை மறைத்தே ஆகவேண்டும், அதில் சமரசம் கூடாது. ஆனால் மறைக்கும்போது பரவலைக் கெடுக்காதீர்கள். எல்லோருடைய ஊரையும் ஒரே சொல்லாக மாற்றினால், ஊர் மேல் உள்ள இன்டெக்ஸ் செத்தது. ஒரு மதிப்பை எப்போதும் அதே இன்னொரு மதிப்பாக மாற்றுங்கள். நீளமும் ஏறக்குறைய அப்படியே இருக்கட்டும். பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸின் பேக்கப் கட்டளை) எடுத்து மீட்டெடுத்தால் டேபிள்களும் இன்டெக்ஸ்களும் புதிதாகக் கட்டியது போல இறுக்கமாக வந்து உட்காரும். லைவில் வருடக்கணக்காக அப்டேட் ஆகி, செத்த ரோக்களும் காலி இடங்களுமாக உப்பிப் போயிருக்கும் டேபிளை அது காட்டாது. பிஜி பேஸ்பேக்கப் மாதிரியான ஃபைல் அளவிலான நகல் அந்த அழுக்கையும் சேர்த்துக் கொண்டுவரும், அந்த அழுக்குதான் நமக்கு வேண்டும். மறைப்பு வேலைக்காக முழு டேபிளையும் அப்டேட் செய்தால் உப்பல் இன்னும் கூடும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எப்படி எடுத்தாலும், டெஸ்ட்டுக்கு முன் அனலைஸ் (பிளானர் பார்க்கும் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டிவிடுங்கள்.

டேட்டா சரியாகிவிட்டது. அதில் எந்த ரோக்களைக் கேட்கப்போகிறீர்கள்? ஸ்கிரிப்ட்டில் ஒரே ஒரு டெஸ்ட் லாகின் எண்ணை வைத்துக்கொண்டு 500 த்ரெட்டும் அதையே கேட்டால், அந்த நாலு பக்கங்கள் கேச்சில் உட்கார்ந்து 12,500 கோரிக்கைக்கும் பதில் சொல்லும். உங்கள் 40 மில்லிநொடியின் ரகசியம் இதுவாகவும் இருக்கலாம். அப்படியே எதிர்ப்பக்கம் போய், எண்களைச் சீரான ராண்டமாக எடுத்தாலும் தப்புதான். லைவில் சிலரே அடிக்கடி வருவார்கள், பலர் எப்போதாவது வருவார்கள். சீரான ராண்டம் கேச்சை அநியாயத்துக்கு வீணடித்து, இல்லாத டிஸ்க் பிரச்சினையை இருப்பதாகக் காட்டும். 2010-ல் யாஹூவிலிருந்து வந்த ஒய்சிஎஸ்பி பெஞ்ச்மார்க் இதற்காகவே ஜிஃப் பரவலை (சில எண்கள் அடிக்கடி, பல எண்கள் அரிதாக வருவது) பயன்படுத்துகிறது. போஸ்ட்கிரெஸோடு வரும் பெஞ்ச்மார்க் டூலான பிஜிபெஞ்சிலும் ஜிஃப் ராண்டம் உண்டு. ஆனால் உங்களிடம் லைவே இருக்கும்போது கணிதப் பரவல் எதற்கு? ஒரு வாரத்து சர்வர் பதிவுகளிலிருந்து எண்களை வந்த வரிசையிலேயே உருவி ஒரு சிஎஸ்வி ஃபைலாக வைத்து ஜேமீட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிஜிபெஞ்சைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்கேல் 1 (மிகச் சிறிய டேட்டா அளவு) வைத்து ஓட்டினால், அதன் மாதிரி வங்கியின் கிளைகள் டேபிளில் ஒரே ஒரு ரோ இருக்கும், ஒவ்வொரு பரிவர்த்தனையும் அந்த ஒரு ரோவை அப்டேட் செய்யும். 50 கிளையன்ட் வைத்தால் 49 பேர் வரிசையில் நிற்பார்கள். டேட்டாபேஸ் மெதுவாக இருக்கிறது என்று நீங்கள் எழுதுவீர்கள். உண்மையில் அளந்தது ஒரு ரோவின் லாக்கை (பூட்டை).

சரி, இனி லோடு. "500 யூசர்" என்பதைத் தூக்கிப் போடுங்கள், அதற்குப் பொருளே இல்லை. ஒரு மனிதர் திரையைப் படித்து அடுத்த பட்டனை அழுத்த 10 நொடி எடுத்தால், 500 பேர் சேர்ந்து நொடிக்கு 50 கோரிக்கைதான் அனுப்புவார்கள். நடுவில் நிற்காத 500 த்ரெட் 12,500 அனுப்பும். இரண்டுமே "500 யூசர்". நொடிக்கு எத்தனை கோரிக்கை, அதில் எந்தெந்த வகை எத்தனை சதவீதம் என்று பேசுங்கள். எழுதும் வேலைகளும் அதே விகிதத்தில் இருக்கட்டும். வெறும் படிக்கும் கோரிக்கைகளை வைத்துச் செய்த டெஸ்ட் லாக்கையும் காட்டாது, டிஸ்க்கில் எழுதும் செலவையும் காட்டாது.

இதைவிட ஆழமான பிரச்சினை ஒன்று உண்டு. சாதாரண த்ரெட் குரூப்பில் ஒரு த்ரெட் பதில் வந்த பிறகுதான் அடுத்த கோரிக்கையை அனுப்பும். சர்வர் தடுமாறினால் டெஸ்ட்டும் மரியாதையாக ஒதுங்கி நின்று வழிவிடும். நிஜ உலகில் உங்கள் சர்வர் திணறுவது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, வந்துகொண்டேதான் இருப்பார்கள். கில் டெனே என்ற பொறியாளர் இதற்குக் கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று பெயர் வைத்தார். எண்களில் பார்த்தால்தான் இதன் கொடுமை புரியும்.

ஒரு த்ரெட், 10 மில்லிநொடிக்கு ஒரு கோரிக்கை, அதாவது நொடிக்கு 100. பதில் வழக்கமாக 5 மில்லிநொடியில் வரும். 60 நொடி டெஸ்ட். நடுவில் யாரோ ஒரு டேபிளில் புது நெடுவரிசை (column) சேர்க்க ஆல்டர் டேபிள் போடுகிறார். அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நீண்ட செலக்ட்டுக்காகக் காத்திருக்கிறது, அதன் பின்னால் வரும் எல்லாக் குவெரிகளும் அதற்காகக் காத்திருக்கின்றன. மொத்தம் 6 நொடி உறைந்து போகிறது. டெஸ்ட் என்ன பதிவு செய்யும்? 54 நொடிக்கு 5,400 நல்ல பதில்கள், 6 நொடி எடுத்த ஒரே ஒரு மோசமான பதில். 99-வது பெர்சென்டைல் (100-ல் 99 பதில்கள் இதற்குள் வந்துவிடும்) 5 மில்லிநொடி. 99.9-உம் 5 மில்லிநொடிதான். மேலதிகாரிக்கு அனுப்ப அழகான ரிப்போர்ட்.

நிஜத்தில் அந்த 6 நொடியிலும் நொடிக்கு 100 பேர் வந்திருப்பார்கள். 600 பேர். முதலில் வந்தவர் 6 நொடி, கடைசியில் வந்தவர் கொஞ்ச நேரம் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். மொத்தம் 6,000-ல் 600 என்றால் பத்தில் ஒருவருக்குப் பாதிப்பு. 99-வது பெர்சென்டைல் சுமார் 5.4 நொடி. தேங்கியதை முடிக்க ஆகும் நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. 5 மில்லிநொடி எங்கே, 5.4 நொடி எங்கே!

இதைத் தவிர்க்க, பதில் வந்ததா இல்லையா என்று பார்க்காமல் குறித்த நேரத்துக்கு அனுப்பும் முறை வேண்டும், அளப்பதும் அனுப்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து அளக்க வேண்டும். ஜேமீட்டர் 5.5-இலிருந்து ஓபன் மாடல் த்ரெட் குரூப் இருக்கிறது. கே6-இல் கான்ஸ்டன்ட் அரைவல் ரேட், பிஜிபெஞ்சில் ரேட் ஆப்ஷன், டபிள்யூஆர்கே2 முழுக்கவே இதற்காக எழுதப்பட்டது. அலுவலகத்துக்குள் 30 பேர் மட்டுமே பயன்படுத்தும் அப்ளிகேஷன் என்றால் பழைய முறையே சரி, அங்கே நிஜமாகவே ஒருவர் பதிலுக்குக் காத்திருந்துதான் அடுத்ததை அழுத்துவார்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது? 10 நிமிடம் நிச்சயம் போதாது. போஸ்ட்கிரெஸில் செக்பாயின்ட் (மெமரியில் மாறிய பக்கங்களை டிஸ்க்கில் எழுதும் வேலை) இயல்பாக 5 நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் பிறகும் ஒரு பக்கத்தை முதல்முறை மாற்றும்போது அந்த 8 கேபி பக்கம் முழுவதும் வால் (WAL) என்ற மாற்றப் பதிவில் எழுதப்படும். அதனால் எழுதும் சுமை அலை அலையாக வரும், ஓரிரு அலையைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. ஆட்டோவாக்யூம் (செத்த ரோக்களைத் துப்புரவு செய்யும் பின்னணி வேலை) இயல்பாக டேபிளில் ஏறக்குறைய 20 சதவீதம் ரோக்கள் செத்த பிறகுதான் கிளம்பும். 4 கோடி ரோ உள்ள டேபிளில் அது 80 லட்சம். 10 நிமிட டெஸ்ட்டில் அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. லைவில் ஒருநாள் உச்ச நேரத்தில் எழுந்து டிஸ்க்கைப் பங்கு கேட்கும்.

கிளவுடில் இருந்தால் இன்னொரு பொறியும் உண்டு. ஏடபிள்யூஎஸ்-இன் ஜிபி2 டிஸ்க் 100 ஜிபி வாங்கினால் நிரந்தர வேகம் நொடிக்கு 300 ஐஓ (டிஸ்க்கில் ஒருமுறை படிப்பது அல்லது எழுதுவது). ஆனால் 54 லட்சம் கிரெடிட் கையில் கொடுத்து, 3,000 வரை ஓடவிடும். முழு வேகத்தில் ஓடினால் அது தீர அரை மணி நேரம் பிடிக்கும். உங்கள் டெஸ்ட் 10 நிமிடம். டெஸ்ட் முழுக்க ஓடியது, நீங்கள் வாங்காத டிஸ்க்கில்.

அப்புறம், உச்ச நேரத்தில் லைவில் வேறு என்னென்ன ஓடுகிறது? ரிப்போர்ட், பேக்கப், வேறு சிஸ்டத்துக்கு டேட்டா அனுப்பும் ஜாப். அவையும் டெஸ்ட்டில் ஓடட்டும். அப்ளிகேஷன் சர்வர்களின் எண்ணிக்கையும் லைவில் உள்ளதே இருக்கட்டும். டெஸ்ட்டில் ஒரு சர்வர், அதன் பூலில் (டேட்டாபேஸோடு திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) 20 கனெக்‌ஷன் என்றால் பிரச்சினை தெரியாது. லைவில் 8 சர்வர் என்றால் 160 கனெக்‌ஷன், போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சவரம்போ 100. உடனே வரம்பைத் தூக்கிவிடாதீர்கள். பூலில் கனெக்‌ஷன் கிடைக்கக் காத்த நேரத்தையும் குவெரி ஓடிய நேரத்தையும் தனித்தனியாக அளந்துவிட்டு முடிவெடுங்கள். பெரும்பாலும் பூலைச் சிறிதாக்கினால்தான் மொத்த வேகம் கூடும்.

இத்தனையும் செய்த பிறகும் டெஸ்ட் நிஜத்தைப் போல இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன், இதைத்தான் கிட்டத்தட்ட யாரும் செய்வதில்லை. நாளைக்கு வரப்போகும் இரண்டு மடங்கு லோடைச் சோதிப்பதற்கு முன், ஏற்கெனவே நடந்து முடிந்த நேற்றைய லோடை ஓட்டுங்கள். லைவில் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸை (போஸ்ட்கிரெஸ் குவெரி வாரியாகச் சேர்க்கும் புள்ளிவிவரம்) உச்ச நேரத்தின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை நகலெடுத்து வித்தியாசம் பாருங்கள். அதிக நேரம் தின்ற 10 குவெரிகள், ஒவ்வொன்றின் அழைப்பு எண்ணிக்கை, சராசரி நேரம், கேச்சிலிருந்து படித்த பிளாக்குகள், கேச்சுக்கு வெளியிலிருந்து படித்தவை. பிறகு டெஸ்ட்டில் நொடிக்கு அதே 300 கோரிக்கையை ஓட்டி அதே பட்டியலை எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

லைவில் முதலிடத்தில் உள்ள குவெரி டெஸ்ட்டில் எட்டாவதாக இருந்தால், டெஸ்ட் இன்னும் தயாராகவில்லை. அழைப்பு விகிதம் வேறுபட்டால் ஸ்கிரிப்ட்டின் கலவை தப்பு. அழைப்பு சரியாக இருந்து வெளியே படித்த பிளாக் குறைவாக இருந்தால் டேட்டா அளவு அல்லது எண்களின் பரவல் தப்பு. எல்லாம் ஒத்துப்போய் நேரம் மட்டும் குறைவாக இருந்தால் லாக் போட்டியோ டிஸ்க் வேகமோ வேறுபடுகிறது. அப்போது இரண்டு பக்கமும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் (இப்போதைய இணைப்புகளின் பட்டியல்) வெயிட் ஈவென்ட் நெடுவரிசையை (எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும்) நொடிக்கு ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும் என்றில்லை. அதே 10-ல் ஏழெட்டு வந்து, வரிசை ஏறக்குறைய ஒத்துப்போனால் நான் திருப்திப்பட்டுவிடுவேன். உங்கள் டெஸ்ட்டில் அந்த 3, 4 நொடித் திரைகள் அதேபோல மெதுவாக வர வேண்டும். வந்துவிட்டால் சந்தோஷப்படுங்கள், இனி அந்த டெஸ்ட் சொல்வதை நம்பலாம். அதற்கப்புறம்தான் 450, 600 என்று படிப்படியாக ஏற்றுவது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் ஸ்னாப்ஷாட்டிலிருந்து டேட்டாபேஸைப் பழைய நிலைக்குத் திருப்பி, கேச் சூடாகும் முதல் சில நிமிடங்களைக் கணக்கில் சேர்க்காமல், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

முழு ஏற்பாட்டுக்கும் ஓரிரு வாரம் பிடிக்கும். அதுவரை லைவ் அப்படியே கிடக்க வேண்டாம். இன்றே லைவில் ஆட்டோ எக்ஸ்பிளைனைப் போட்டு, ஒரு நொடிக்கு மேல் போகும் குவெரிகளின் பிளானை மட்டும் பதியச் சொல்லுங்கள். அதன் அனலைஸ் ஆப்ஷனை இப்போதைக்குத் தொடாதீர்கள், அது எல்லாக் குவெரியின் நேரத்தையும் அளக்க ஆரம்பித்துக் கூடுதல் சுமை தரும். நாளைக் காலை அந்தப் பதிவில் தேதி இன்டெக்ஸைப் பின்னாலிருந்து நடக்கும் பிளானும், அதற்கு மேலே ஒரு லிமிட்டும் கண்ணில் பட்டால், அந்த வாடிக்கையாளர் எண்ணை எடுத்து, கூட்டம் இல்லாத நேரத்தில் எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டு, ஃபில்டரில் கழித்துக்கட்டிய ரோக்கள் எத்தனை என்ற வரியைப் பாருங்கள்.